மூன்று தட்டு

எழுந்தான். பல் விளக்கினான். தண்ணீர் கொதிக்க வைத்தான். இரண்டு முட்டையை வேகப் போட்டுவிட்டு வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கினான். அடுப்புக்குப் பக்கத்தில் மிக்ஸி பழைய துண்டு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றது. அதை எடுத்தால் ஒரு நிமிட வேலை. அவன் கத்தியாலேயே நறுக்கினான். குளித்தான். சட்டையைத் தேய்த்தான். காலர் ஓரம் கொஞ்சம் மடங்கியது. சரி செய்யவில்லை.

கூடத்தில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் விடிவதற்கு முன்பே அதில் உட்கார்ந்துவிடுவார். தன் மகள், அவன் மனைவி, போனபோது நாலு நாள் துணைக்கு என்று வந்தவர், பத்தாம் நாள் மிஷினையும் வரவழைத்துக்கொண்டார். மாடி வீட்டு ஜன்னல் திரை, எதிர் வீட்டுப் பையனின் கிழிந்த கால்சட்டை என்று எதையாவது தைத்துக்கொண்டேயிருப்பார். கை சும்மா இருந்தால் கண் வேலை பார்க்க ஆரம்பித்துவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாளைக் காலை மச்சான் வண்டி கொண்டுவருகிறான். மாமியாரும் மிஷினும் அவனோடு ஊர் மாறிப் போகிறார்கள்.

அவன் செருப்பு மாட்டும்போது மிஷின் நின்றது.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க அத்தை."

"நாளைக்கு இந்நேரம் நான் வண்டியில இருப்பேன். இன்னிக்காவது சொல்லுங்க. அன்னிக்கு அவ என்னதான் சொன்னா?"

"எத்தனை தடவை சொல்றது? போயிட்டு வரேன்னு சொன்னா."

"அதைத்தான் வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க. எல்லாரும் 'ஐயோ, போயிட்டு வரேன்னவ வரலியே'ன்னு மாரடிச்சு அழுதாங்க. நானும்தான் அழுதேன்." மாமியார் வாயிலிருந்த நூல் துண்டை எடுத்துக் கீழே போட்டார். "ஆனா மாப்பிள்ளை, அவ அப்படிச் சொல்ற ஆளே இல்ல. பள்ளிக்கூடம் போற காலத்துலயே சொன்னதில்ல. வாசல்ல நான் நின்னு தொண்டை கிழியக் கத்துவேன், சொல்லிட்டுப் போடின்னு. திரும்பிக்கூடப் பார்க்காம ஓடுவா. பெத்தவகிட்டயே கதையா?"

அவன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னைத் திட்டினாளா? திட்டியிருந்தா திட்டினான்னு சொல்லிருங்க. தாங்கிக்குவேன். ஒண்ணுமே தெரியாம இருக்கறதுதான் முடியல."

"வேலைக்கு நேரமாச்சு அத்தை."

"இன்னிக்கு உங்களுக்கு லீவு."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டான்.

மாமியாருக்கும் மகளுக்கும் நடந்த சண்டை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மாமியார் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். நல்ல துணி, கழுத்தில் கைவேலை. மகள் போட்டுப் பார்த்துவிட்டு, கழுத்து இறுக்குகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் அதைப் போட்டுக்கொண்டு மாமியார் எதிரிலேயே காய்கறி வாங்க வந்து நின்றாள். அவ்வளவுதான். 'இனிமே என் வாசப்படி மிதிக்காதே' என்று இவர். 'நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன்' என்று அவள். இரண்டு பேருக்கும் வீம்பில் அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரே அளவு. ஒரு மாதம் பேச்சில்லை. அப்புறம் ஒருநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பிப் போனாள். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பஸ்கள் வந்து வந்து போயின. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். பெஞ்சில் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆகவே அவள் கடைசியாகப் பேசியது அவனிடம்தான்.

அந்த நிறுத்தத்தை அவன் இப்போது பயன்படுத்துவதில்லை. அடுத்ததுவரை நடப்பான். இன்றும் அப்படியே நடந்தான். வந்த பஸ்ஸில் ஏறினான். அது படகுத்துறைவரை போய் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், அவனும் இறங்கினான்.

ஊரே வெளியாட்களுக்குப் படகு ஓட்டிப் பிழைக்கிறது. ஆனால் உள்ளூர்க்காரன் எவனும் விரிகுடாவைச் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. அவனும் போனதில்லை. குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிப்பது அவன் வேலை. கண்ணாடிக் குழாயில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துக் கலங்கல் பார்ப்பான். தண்ணீரைப் பார்க்க இன்னொரு இடத்துக்குப் போவானேன் என்று அவளிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறான். 'உன்கிட்ட கொடுத்தா கடலையே குழாய்ல ஊத்திருவ' என்றாள் அவள்.

"எத்தனை பேர் சார்?" துறைப் படிக்கட்டில் நின்ற நடுத்தர வயது அம்மா கேட்டாள். தலையில் துண்டு கட்டி, முழங்கைவரை சட்டைக் கையை மடித்திருந்தாள்.

"ஒருத்தர்."

"ஒருத்தரா?" அவள் படகைத் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். "யோவ், ஒத்தை ஆளு. மூட்டை எடு!"

படகிலிருந்து அவள் புருஷன் தலை நிமிர்ந்தது. துறையில் அவருக்குப் பெயர் டமாரம். முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து காது மந்தமாகி, பக்கத்தில் இருப்பவரிடமும் அக்கரைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். "எவ்ளோ பெரிய மூட்டை?" என்றார் அந்தக் குரலில்.

அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சின்னதே போதும். காத்தடிச்சா பறந்துருவாரு."

சின்னப் படகு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகை இருக்கை. ஒரு பக்கம் மட்டும் ஆள் உட்கார்ந்தால் படகு சாய்ந்தே ஓடும், வளைவுகளில் தண்ணீர் ஏறும். அதனால் தனி ஆள் வந்தால் எதிர் இருக்கையில் மணல் மூட்டை வைப்பார்கள். டமாரம் மூட்டையை அணைத்துத் தூக்கிவந்து உட்கார்த்தி, உருளாமல் இருக்க மிதவைச் சட்டை ஒன்றை அதற்கும் மாட்டி வாரை இறுக்கினார்.

"இவரு தங்கமான ஆளு சார். வழியில தொணதொணக்க மாட்டாரு, வாந்தி எடுக்க மாட்டாரு, போட்டோ எடுன்னு உயிரை வாங்க மாட்டாரு."

"என்னைத்தான் சொல்றாரு," என்றாள் அம்மா. "அந்தத் தொணதொணப்பு நான்தான்."

இன்ஜின் பிடித்துக்கொண்டது. பிறகு பேச்சுக்கே இடமில்லை. பலகை அதிர்ந்தது, பல் அதிர்ந்தது. கரையும் கட்டடங்களும் சத்தமில்லாமல் பின்னால் போயின. மேகம் தாழ்ந்து கிடந்தது. தண்ணீர் சாம்பல் நிறம். தீவுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. செங்குத்தாக நின்ற பாறைகளின் தலையில் மட்டும் கொஞ்சம் பச்சை. நடுநடுவே மிதக்கும் மீன் வளர்ப்புக் கூண்டுகள். அவற்றின் மேல் தகரக் குடிசைகள். ஒரு குடிசை வாசலில் ஒரு பெண் பல் விளக்கிக்கொண்டே கையசைத்தாள். அவன் பதிலுக்கு அசைக்க நினைப்பதற்குள் கூண்டு கடந்துவிட்டது.

அழகு என்று தெரிந்தது. எங்கேயோ படித்த தகவல் மாதிரித் தெரிந்தது. அவ்வளவுதான்.

அம்மா படகின் முன்முனையில் நீளக் கம்போடு நின்றாள். தண்ணீருக்கடியில் பாறை பார்ப்பது அவள் வேலை. இடக்கையை நீட்டினால் டமாரம் இடப்பக்கம் திருப்பினார். உள்ளங்கையைக் கவிழ்த்தால் வேகம் குறைந்தது. அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. சில சமயம் கம்பின் அடியால் படகின் தரையை இடித்தாள். ஆனால் அவள் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதை அவன் கவனித்தான். பாடுகிறாளோ என்று நினைத்தான். பாட்டில்லை. பேச்சு. கேட்பதற்குக் கடலைத் தவிர ஆளில்லை.

இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒரு குறுகல் வழி. அதன் வாயில் படகை நிறுத்திக் கயிற்றைப் பாறையில் அடித்திருந்த கம்பியில் மாட்டினார்கள். தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும், இப்போது போனால் அடி தட்டும் என்றாள் அம்மா. இன்ஜின் அணைந்தது. காதுக்குள் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது.

"சாப்பிடுறீங்களா தம்பி?" அவள் தூக்குச் சட்டியைத் திறந்தாள். சோறும் வறுத்த மீனும். 'சார்' எப்போது 'தம்பி' ஆனது என்று அவனுக்குத் தெரியவில்லை. மூடியில் வைத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டான்.

"ஓடும்போது யார்கிட்டம்மா பேசிட்டே இருந்தீங்க?"

"இந்தாளுகிட்டதான்."

"அவருக்குக் கேக்காதே."

"கேக்காதுதான். கேக்காதுங்கறதுனாலதான் தைரியமாப் பேசறேன். கேட்டா விவாகரத்துதான்."

"என்ன?" என்றார் டமாரம் பின்னாலிருந்து.

"மீன் நல்லாருக்கான்னு கேட்டேன்!"

"உப்புக் கம்மி!"

"பாத்தீங்களா? இதுக்கு மட்டும் காது தெளிவாக் கேக்கும்." அவள் சிரித்தாள். "வீட்டுக்குப் போனதும் கேப்பாரு, மத்தியானம் அங்க என்னமோ சொன்னியே, என்னான்னு. எனக்கே மறந்துருக்கும். பெரும்பாலும் ஒண்ணுமில்லாததுதான். அந்தக் கூண்டுல புதுத் தகரம் போட்டிருக்கான், இந்தப் பொண்ணு உடம்பு வெச்சிருச்சு, இப்படித்தான்."

"அவசரம்னா?"

"அதுக்குத்தான் தட்டு." அவள் கம்பை எடுத்து அடியால் பலகையை இடித்துக் காட்டினாள். "காதுக்குக் கேக்காட்டியும் பலகை வழியா அவரு காலுக்குப் போயிரும். ஒரு தட்டுன்னா வேகத்தைக் குறை. ரெண்டுன்னா பின்னால எடு. மூணு தட்டுன்னா இன்ஜினையே அணைச்சிரணும். எதிர்ல கப்பலே வந்தாலும் சரி. ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. எனக்குப் பேசணும், நீ கேக்கணும், அதான் அர்த்தம். கல்யாணமான புதுசுல போட்ட ஒப்பந்தம்."

"இந்த முப்பது வருஷத்துல மூணு தட்டு எத்தனை தடவை தட்டினான்னு கேளுங்க சார்!" டமாரம் கத்தினார். பலகையில் அவள் இடித்துக் காட்டியது அவர் காலுக்குப் போயிருக்க வேண்டும். "ஒரு தடவை, எனக்கு வலி வந்துருச்சு திருப்புன்னு. பெரியவன் பொறந்தான். இன்னொரு தடவை, கடுதாசிப் பூ வெச்ச தொப்பி தண்ணில விழுந்துருச்சு, எடுன்னு!"

"நல்ல தொப்பி அது," என்றாள் அவள். பிறகு அவனைப் பார்த்து, "கல்யாணம் ஆயிருச்சா தம்பி?"

"ஆயிருச்சு."

"அப்புறம் எதுக்கு மணல் மூட்டையோட வர்றீங்க? சண்டையா?"

இல்லை என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. "ஆமா" என்றான்.

"நினைச்சேன். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. காலரு கூட மடங்கியிருக்கு. என்ன சண்டை?"

அவன் மீன் முள்ளை ஓரமாக வைத்தான். "காலையில அவ என்னமோ சொன்னா. மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு. எனக்குக் கேக்கல. சும்மா தலையாட்டிட்டேன்."

"அடப்பாவி! என்ன சொன்னாங்கன்னு தெரியாமலேயா தலையாட்டினீங்க?"

"பழக்கம்."

"இந்த ஆம்பளைங்க தலை இருக்கே, கழுத்துல ஸ்பிரிங் வெச்சுத்தான் படைச்சிருக்கான். அது சரி, இதுக்கெல்லாமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறது? வீட்டுக்குப் போனதும் நேராப் போயி கேளுங்க. காலையில என்ன சொன்னேன்னு கேளுங்க. சிரிச்சுருவாங்க. முக்காவாசி அவங்களுக்கே ஞாபகம் இருக்காது."

"சரி" என்றான்.

அவளைப் பற்றி ஒருத்தர் நிகழ்காலத்தில் பேசிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. சிரிப்பாள், ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டாள், வீட்டில் இருக்கிறாள். அவன் அதைத் திருத்தாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். எதிரில் மூட்டை மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மெல்லிய தூறல் விழுந்து சாக்கில் புள்ளி புள்ளியாக நனைந்தது. அம்மா எழுந்து வந்து பிளாஸ்டிக் தாளை எடுத்து மூட்டைக்கும் அவனுக்குமாகச் சேர்த்துப் போர்த்திவிட்டாள்.

தண்ணீர் ஏறியது. குறுகல் வழியில் நுழைந்து, பாறைச் சுவர்களுக்கு நடுவே ஊர்ந்து, மறுபக்கம் வந்தார்கள். அங்கே விரிகுடா அகலமாகத் திறந்துகொண்டது. மேகம் ஓரிடத்தில் கிழிந்து வெயில் ஒரே ஒரு தீவின் மேல் மட்டும் விழுந்தது. டமாரம் இன்ஜினை முடுக்கினார். அம்மா முன்முனையிலிருந்து திரும்பி, அந்தத் தீவைக் கை காட்டி, வாயருகே கையைக் குவித்துக் கத்தினாள். "அடுத்த தடவை... கூட்டிட்டு வாங்க... மூட்டை வேண்டாம்!" விட்டு விட்டுத்தான் கேட்டது.

"அவ செத்துட்டாம்மா" என்றான் அவன்.

சாதாரணக் குரலில்தான் சொன்னான். வாயிலிருந்து வெளியே வந்ததே அவனுக்குக் கேட்கவில்லை.

அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். நல்லாத் தலையாட்டினாள். கேட்காத ஆள் ஆட்டுகிற ஆட்டம், முகம் முழுக்கச் சிரிப்பு. ஆமாம் ஆமாம், அதேதான் என்பது போல.

அவன் அந்தத் தலையையே பார்த்தான். மிக்ஸிக்குப் பக்கத்தில் நின்று அவன் ஆட்டிய தலை வாசலில் நின்றவளுக்கு இப்படித்தான் தெரிந்திருக்கும். அதில் அலட்சியம் எதுவும் இல்லை. நீ சொல்வது எதுவானாலும் எனக்குச் சம்மதம் என்று அல்லவா இருக்கிறது. இத்தனை நாளும் அந்தத் தலையைத்தான் அவன் மன்னிக்காமல் வைத்திருந்தான்.

தன் முகம் எப்படிப் போனதோ அவனுக்குத் தெரியவில்லை. அம்மாவின் சிரிப்பு நின்றது. கம்பைத் தூக்கினாள். பலகையில் மூன்று தட்டு. அவன் பாதத்துக்கே வந்து இடித்தது.

இன்ஜின் அணைந்தது. படகு தன் வேகத்தில் கொஞ்ச தூரம் போய், அலையில் அசைந்து நின்றது.

"என்னாச்சு? பாறையா?" டமாரம் கத்தினார்.

"சும்மா இருய்யா." அவள் பலகைகளைத் தாண்டி வந்து எதிரில் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. "இப்ப என்ன சொன்னீங்க தம்பி?"

"அவ இல்லம்மா. செத்துப்போயிட்டா. ரெண்டரை மாசம் ஆச்சு."

தண்ணீர் படகின் அடியில் தட்டிக்கொண்டிருந்தது. அம்மா தலையிலிருந்த துண்டை அவிழ்த்தாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்து மடித்தாள்.

"நான் பாட்டுக்கு வாயி கிழியப் பேசிட்டேனே. கேளு, சிரிப்பாங்கன்னு வேற..."

"பரவால்லம்மா. நல்லாத்தான் இருந்துச்சு."

"அந்த மிக்ஸி?"

"அன்னிக்குக் காலையிலதான். அப்புறம் பஸ் ஸ்டாப்புல..." அவன் கையை மட்டும் அசைத்தான். "அவங்கம்மா கேட்டுட்டே இருக்காங்க. அவங்களுக்குள்ள பேச்சில்ல. கடைசியா தன்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளான்னு. நான் போயிட்டு வரேன்னு சொன்னான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அது பொய்யா?"

"பொய்தான். மிக்ஸியை நிறுத்தினப்புறம் அவ சொன்னது வேற. அது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு."

"என்ன சொன்னாங்க?"

அவன் வாயைத் திறந்தான். அதை முதலில் கேட்க வேண்டியவர் இந்த அம்மா இல்லை என்று பட்டது. தலையை அசைத்தான். அவளும் வற்புறுத்தவில்லை. டமாரம் பின்னாலிருந்து எழுந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். எதுவும் கேட்காமல் உட்கார்ந்து, துடுப்பை எடுத்துப் படகைப் பாறைப் பக்கம் ஒதுங்காமல் பிடித்துக்கொண்டார். ஒப்பந்தம் அப்படி.

கரைக்கு வந்ததும் அவர் மூட்டையிலிருந்து மிதவைச் சட்டையைக் கழற்றினார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு வேடிக்கை சொல்வார் போலிருந்தது. சொல்லவில்லை. தன் பெரிய குரலைக் குறைக்க முயன்று, "பாத்துப் போங்க சார்" என்றார். அதுவும் துறை முழுக்கக் கேட்டது.

வீட்டுக்கு அவன் வந்தபோது கூடத்தில் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. மிஷின் மட்டும் கட்டவில்லை. மாமியார் அவன் அலுவலகச் சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு, பிய்ந்த காலர்களைப் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தார். மிதியை வேகமாக மிதித்தார். அவன் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

"அத்தை."

மிஷின் ஓடியது.

"அத்தை, ஒண்ணு சொல்லணும்."

"சோறு வடிச்சு வெச்சிருக்கேன்" என்றார் மாமியார், துணியைப் பார்த்துக்கொண்டே. "போட்டுச் சாப்பிடுங்க. இதை இன்னிக்கே முடிக்கணும். எனக்கப்புறம் யாரு இருக்கா உங்க காலரைப் பாக்க?"

அவன் போய் மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துப் பிடித்தான். தோல் கொஞ்சம் உரசியது. சக்கரம் நின்றது. மாமியாரின் கால் ஒருமுறை மிதியில் முட்டிவிட்டு அடங்கியது. வீடு அமைதியாயிற்று. அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"அவ போயிட்டு வரேன்னு சொல்லல அத்தை."

"தெரியும்."

"மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு. வாசல்ல நின்னு என்னமோ சொன்னா. நீளமாத்தான் சொன்னா. ஒரு வார்த்தை கேக்கல. நான் தலையாட்டினேன். கேக்கலன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. சிரிச்சா."

"என்னைப் பத்தியா?"

"தெரியல அத்தை. உங்களைப் பத்தியா இருக்கலாம். பால் வாங்கிட்டு வான்னுகூட இருக்கலாம். சத்தியமாத் தெரியல. அதுக்குத்தான் பயந்துட்டுச் சொல்லல. எனக்கு இருக்கற மாதிரி உங்களுக்கும் அது உள்ளயே கிடந்து அரிக்குமேன்னு."

மாமியார் காலர் துணியை விரலால் நீவிக்கொண்டேயிருந்தார். "சிரிச்சாளா?"

"சிரிச்சா."

"கோவமா இல்லியே?"

"இல்ல அத்தை."

"அப்புறம்?"

"நான் மிக்ஸியை நிறுத்தினேன். என்னன்னு கேட்டேன். அதுக்குள்ள அவ செருப்பு போட்டுட்டா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"மாப்பிள்ளை, என்ன சொன்னா?"

சக்கரத்திலிருந்து கையை எடுக்காமலே அவன் சொன்னான். அவள் குரலில் வரவில்லை, அவன் குரலில்தான் வந்தது. ஆனால் வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை.

"கேக்கலையா? சரி, விடுப்பா. சாயங்காலம் வந்து சொல்றேன்."